பால்வினை நோய்களின் தேசியப் புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், சுருக்கமாக சி.டி.சி., ஆண்டுதோறும் பால்வினை நோய்களின் தேசிய எண்ணிக்கையை வெளியிடுகிறது. அது வெளியானதும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. எண் ஏறியிருந்தால் அந்நாட்டு மக்களின் ஒழுக்கம் சரிந்துவிட்டது என்றும், இறங்கியிருந்தால் நோய் ஒடுங்கிவிட்டது என்றும் முடிவு கட்டுகிறார்கள். நம் நாட்டைப் பற்றிய பேச்சில் இதே தவறு தலைகீழாக நிகழ்கிறது. கிளமிடியா, கொனோரியா போன்ற நோய்களின் தேசிய எண்ணிக்கை நம் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாக வருவதில்லை என்பதாலேயே அவை இங்கே பெரிதாக இல்லை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். எண் கூடினால் நோய் கூடிவிட்டது என்று கொள்வதும், எண்ணே இல்லையென்றால் நோயும் இல்லை என்று கொள்வதும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. அந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்காமல் விடுவதே அந்தப் பிழை.

இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்க எண்களை வைத்தே இதை விளக்குகிறது. பல பத்தாண்டுகளாக இடைவிடாமல் பதிவு செய்து வெளிப்படையாக அச்சிட்டுவரும் நாடு அது என்பதுதான் காரணம். முற்றிலும் வேறொரு முறையில் எண்ணும் நாட்டுக்கு எடுத்துக்காட்டாக, இந்தியாவின் எச்.ஐ.வி. கணக்கையும் ஓரிடத்தில் பார்ப்போம்.

பதிவேட்டில் ஏறுவது எது?

ஒரு நகரத்தில் சென்ற ஆண்டு எத்தனை திருட்டுகள் நடந்தன என்று கேட்டால், காவல் நிலையங்களில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளை எண்ணித்தான் விடை சொல்வார்கள். ஆனால் நடந்த திருட்டும் பதிவான திருட்டும் ஒன்றல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இருசக்கர வாகனம் காணாமல் போனால், காப்பீட்டுத் தொகை பெற அறிக்கை தேவை என்பதால், பெரும்பாலோர் புகார் கொடுத்துவிடுவார்கள். பேருந்து நெரிசலில் பறிபோன பணப்பையைப் பற்றிப் பலரும் அலைச்சலுக்கு அஞ்சி வாய்திறக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டில் நடந்த திருட்டு, அவர் ஊர் திரும்பிப் பீரோவைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும். நடந்தது போன ஆண்டாக இருக்கும், பதிவாவது இந்த ஆண்டாக இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்ற ஆய்வாளர் எந்தப் புகாரையும் தட்டிக்கழிக்கக் கூடாது என்று உத்தரவிட்டால், திருடர்கள் ஒருவர்கூடக் கூடாமலேயே அந்த ஆண்டின் திருட்டு எண்ணிக்கை ஏறிவிடும்.

பால்வினை நோய்களின் எண்ணிக்கையும் இப்படிப்பட்ட புகார்ப் பதிவேடுதான். ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது தேசியக் கணக்கில் ஏற வேண்டுமானால், அவர் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். வந்த இடத்தில் சரியான சோதனை நடந்து தொற்று பிடிபட்டிருக்க வேண்டும். மருத்துவரோ ஆய்வகமோ அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கப்பட்டது அரசு வகுத்த வரையறைக்குள் பொருந்தியிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் தொற்று உடலில் இருக்கும், கணக்கில் இராது. சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயை 'அறிவிக்கத்தக்க நோய்' என்பார்கள். அமெரிக்காவில் சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா ஆகியவை அப்படிப்பட்டவை. மிகப் பரவலான பால்வினைத் தொற்றான மனித பாப்பிலோமா வைரஸும், பிறப்புறுப்பு ஹெர்பிஸும் தேசிய அளவில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆண்டறிக்கையின் மொத்த எண்ணிக்கை, நாட்டின் மிகப் பொதுவான பால்வினைத் தொற்றுகளைத் தொடாமலேயே கூட்டப்பட்ட ஒன்று.

பதிவானதற்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது? 2018-ஆம் ஆண்டைப் பற்றி சி.டி.சி. தயாரித்த மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பால்வினைத் தொற்று ஏதேனும் ஒன்று இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 2 கோடியே 60 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டன. ஆனால் அறிவிக்கத்தக்க நோய்களின் பதிவேட்டில் அப்போது ஆண்டுக்கு ஏறிக்கொண்டிருந்தவை 25 லட்சத்தை ஒட்டியே இருந்தன.

சுருக்கமாகச் சொன்னால், செய்தியில் வரும் எண் கண்டுபிடிக்கப்பட்டுத் தெரிவிக்கப்பட்ட தொற்றுகளின் எண்ணிக்கை. அது ஏறுவதற்கு நோய் பெருகுவது ஒரு காரணம். தேடுவது பெருகுவது இன்னொரு காரணம்.

எண்ணிக்கையும் விகிதமும்

மக்கள்தொகை வளரும் நாட்டில் எதன் எண்ணிக்கையும் தானாகவே வளரும். அதனால் ஆண்டுகளை ஒப்பிடுவதற்கு எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல், மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்கிறார்கள். இதுவே விகிதம். 2023-இல் அமெரிக்காவில் பதிவான கிளமிடியா 16,48,568. இதை ஏறக்குறைய 33 கோடியே 50 லட்சம் மக்கள்தொகையால் வகுத்தால், ஒரு லட்சம் பேருக்கு 492 என்று வருகிறது.

கணக்கு எளிதுதான். ஆனால் வகுக்கும் எண் எது என்பதைப் பார்க்காமல் விகிதங்களை அடுத்தடுத்து வைத்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. கருவிலேயே தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் சிபிலிஸை 'பிறவி சிபிலிஸ்' என்கிறார்கள். அதன் விகிதம் ஒரு லட்சம் மக்களுக்குச் சொல்லப்படுவதில்லை; உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. 2023-இல் அது ஏறத்தாழ 106. கிளமிடியாவின் 492-ஐயும் இந்த 106-ஐயும் பக்கத்தில் வைத்து, இது அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்வது பொருளற்றது. முன்னது ஒரு நாட்டின் எல்லா வயதினரையும் அளவாகக் கொண்டது. பின்னது ஓராண்டில் பிறந்த குழந்தைகளை மட்டும்.

தேசிய விகிதம் ஒரு சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே பிறவி சிபிலிஸின் விகிதம் தேசியச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். தொலைதூரக் குடியிருப்புகளில் மகப்பேறு மருத்துவம் எட்டாமலிருப்பதை அந்த எண் காட்டுகிறது. அதை அம்மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய தீர்ப்பாகப் படிப்பவர்கள், நோயின் கணக்கைப் படிக்கவில்லை. தங்கள் முன்முடிவையே படிக்கிறார்கள்.

கிளமிடியா: தேடினால் கூடும் நோய்

கிளமிடியா ஒரு பாக்டீரியா தொற்று. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வலியோ எரிச்சலோ இருப்பதில்லை. ஆனால் சிகிச்சையின்றி விட்டால் கருக்குழாய்களைச் சேதப்படுத்திக் குழந்தையின்மைக்குக் காரணமாகலாம். அறிகுறி இல்லாததால் நோயாளி தாமாக மருத்துவரிடம் போவதில்லை. மருத்துவமனைதான் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களையும் திட்டமிட்டுச் சோதிப்பதற்கு 'முன்சலிப்புப் பரிசோதனை' என்று இக்கட்டுரையில் பெயர் வைத்துக்கொள்வோம். பாலுறவு வாழ்க்கை உள்ள, 25 வயதுக்குட்பட்ட பெண்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவில் நெடுங்காலப் பரிந்துரை. ஆண்களுக்கு அப்படிப் பொதுவான பரிந்துரை இல்லை. அங்கே பெண்களின் கிளமிடியா விகிதம் ஆண்களுடையதைவிட எப்போதும் கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாலுறவால் பரவும் ஒரு நோய் ஒரு பாலினத்தாரிடம் மட்டும் அந்த அளவுக்குத் தேங்கி நிற்க வழியில்லை.

இந்தப் பரிந்துரை பரவியதும், பழைய சோதனைகளைவிட நுண்ணிய மரபணுச் சோதனைகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்ததும் பதிவேட்டை வேகமாக நிரப்பின. 1999-இல் ஆறரை லட்சத்தை ஒட்டியிருந்த கிளமிடியா எண்ணிக்கை, 2008-இல் 12 லட்சத்தைத் தாண்டியது. இதை மட்டும் பார்ப்பவர் பத்தாண்டுகளில் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. தேசிய சுகாதார மற்றும் ஊட்டச்சத்து ஆய்வு என்ற தொடர் கணக்கெடுப்பில், நாடு முழுவதிலுமிருந்து குலுக்கல் முறைபோலத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நோய் இருக்கிறதோ இல்லையோ, சோதிக்கப்படுகிறார்கள். 14 முதல் 39 வயது வரையிலானவர்களிடம் கிளமிடியா இருக்கும் அளவு 1999-க்கும் 2008-க்கும் இடையில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது என்று அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. பதிவேடு மேலே போயிற்று. நோய் கீழே போயிற்று. தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்ததால்தான் பதிவும் கூடியது, நோயும் குறைந்தது என்று கொண்டால் இரண்டும் முரணல்ல.

இதன் மறுதலையை 2020 காட்டியது. அந்த ஆண்டில் கிளமிடியா விகிதம் முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் இறங்கியது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்ததால் நோய் குறைந்தது என்று அதை விளக்கத் தோன்றும். அது உண்மையானால் மற்ற பால்வினை நோய்களும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கொனோரியா 10 சதவீதமும், தொடக்கக் கட்டங்களில் பிடிபட்ட சிபிலிஸ் 7 சதவீதமும் ஏறின. கொனோரியா ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலையும் சீழையும் தரும். அவர்கள் ஊரடங்கையும் மீறி மருத்துவரிடம் போயாக வேண்டியிருந்தது. கிளமிடியாவோ வழக்கமான முன்சலிப்புப் பரிசோதனையில்தான் பிடிபடும். மருத்துவமனைகள் வழக்கமான வருகைகளை நிறுத்தியதும், ஆய்வகங்களின் கருவிகளும் பொருள்களும் கோவிட் சோதனைக்குத் திருப்பப்பட்டதும், அது கண்ணில் படாமல் போயிற்று. நோய் குறைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆண்டு, பதிவாகாத நோய் கூடிய ஆண்டாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு நோய்க்கு அறிகுறி எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு அதன் எண்ணிக்கை, பரிசோதனையின் அளவைச் சார்ந்து ஏறி இறங்கும்.

சிபிலிஸ்: ஒரே பெயருக்குள் பல எண்ணிக்கைகள்

சிபிலிஸின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எனவே இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. இந்த நோய் கட்டம் கட்டமாக நகர்கிறது. முதல் கட்டத்தில் தொற்றிய இடத்தில் வலியில்லாத ஒரு புண் தோன்றி, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் உடலெங்கும், சில வேளைகளில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட, தடிப்புகள் வருகின்றன, அவையும் மறைந்துவிடுகின்றன. பிறகு நோய் அறிகுறியே இல்லாமல் உடலில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கிறது. இதை 'மறைகட்டம்' என்கிறோம். சிகிச்சை பெறாதவர்களில் சிலருக்கு நெடுநாள் கழித்து இதயம், மூளை, நரம்புகள் பாதிக்கப்படுகின்றன.

முதல் இரண்டு கட்டங்களில் பிடிபடும் நோயாளிக்குத் தொற்று அண்மையில்தான் ஏற்பட்டிருக்கும். மறைகட்டத்தில் பிடிபடுபவருக்கு அது எப்போது ஏற்பட்டது என்று பல நேரங்களில் சொல்லவே முடியாது. அவர்தான் ஊர் திரும்பிப் பீரோவைத் திறந்த வீட்டுக்காரர். ஆகவே நோய் இப்போது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அறிய விரும்புபவர்கள், சிபிலிஸின் மொத்த எண்ணிக்கையைவிட முதல் இரு கட்டங்களின் எண்ணிக்கையையே அளவாகக் கொள்கிறார்கள். இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் அல்ல என்பதற்கு 2023 சாட்சி. அந்த ஆண்டில் அமெரிக்காவில் எல்லாக் கட்டங்களும் சேர்ந்த சிபிலிஸ் 2,09,253 என்று பதிவாகி, முந்தைய ஆண்டைவிட 1 சதவீதம் கூடியது. முதல் இரு கட்டங்கள் மட்டும் 53,007 என்று பதிவாகி, 10 சதவீதம் குறைந்தன. ஒரே அறிக்கையிலிருந்து 'சிபிலிஸ் ஏறுகிறது' என்றும் 'சிபிலிஸ் இறங்குகிறது' என்றும் இரண்டு தலைப்புகள் எழுதலாம், இரண்டும் பொய்யல்ல.

நீண்ட காலப் போக்கைப் பார்த்தால் முதல் இரு கட்டங்களின் வரைகோடு ஒரு பள்ளத்தாக்கைப் போல இருக்கிறது. 1990-இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, 2000-இல் 5,979 ஆக, ஒரு லட்சத்துக்கு 2.1 என்ற விகிதத்துக்கு, இறங்கியது. 1998-இல் பதிவான நோயாளிகளில் பாதிப் பேர் நாட்டின் வெறும் 28 மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இந்த நோயை நாட்டிலிருந்தே ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் 1999-இல் தேசிய ஒழிப்புத் திட்டமே தொடங்கினார்கள். அந்த நம்பிக்கை தவறாகவும் தோன்றவில்லை: பெனிசிலின் 1940-களிலிருந்தே கைவசம் உண்டு, தொடக்கக் கட்டத்துக்கு ஒரு தவணை ஊசி போதும், மனிதரைத் தவிர வேறு உயிரினத்தில் நோய் ஒளிந்திருப்பதும் இல்லை. ஆயினும் 2001 முதல் எண் மீண்டும் ஏறத் தொடங்கியது. முதலில் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களிடையிலும், பின்னர் 2010-களில் பெண்களிடையிலும் பரவி, 2022-இல் 59,000-ஐத் தொட்டது.

இங்கே கிளமிடியாவுக்குச் சொன்ன விளக்கத்தைச் சொல்லிவிட முடியுமா? சோதனை கூடியதால்தான் எண்ணும் கூடியது என்று ஆறுதல் கொள்ளலாமா? முடியாது என்பதற்குப் பிறவி சிபிலிஸ் இருக்கிறது. 2012-இல் 334 ஆக இருந்த அது, 2022-இல் 3,700-ஐக் கடந்து, 2023-இல் 3,882 ஆயிற்று. அவற்றுள் 279 குழந்தைகள் இறந்தே பிறந்தன அல்லது பிறந்து இறந்தன. கருவுற்ற பெண்களுக்குச் சிபிலிஸ் சோதனை நெடுங்காலமாகவே நடைமுறையில் இருப்பதால், பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்த உயர்வைத் தேடலின் பெருக்கமாகக் கணக்குத் தீர்க்க இயலாது. இந்த எண்ணும் வரையறைக்குக் கட்டுப்பட்டதுதான். 1988-இல் பிறவி சிபிலிஸின் வரையறையை விரித்தபோது, அதன் பிந்தைய ஆண்டுகளின் பதிவு திடீரென்று எழும்பியது. ஆனால் 2012-க்குப் பின் வந்த ஏற்றத்தை அத்தகைய மாற்றம் விளக்குவதில்லை. என் கருத்தில், ஒரு நாட்டின் பால்வினை நோய்ப் போக்கை அறிய ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கலாம் என்றால் பார்க்க வேண்டியது இதுவே. பெண்களிடையே நோய் பரவியிருப்பதையும், மகப்பேற்றுக் கவனிப்பில் ஓட்டை விழுந்திருப்பதையும் அது ஒருசேரக் காட்டுகிறது. 2022-இன் பதிவுகளை ஆராய்ந்த சி.டி.சி., அவற்றில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதை உரிய காலத்தில் சோதனையும் சிகிச்சையும் அளித்துத் தடுத்திருக்கலாம் என்று கூறியது.

உண்மையில் எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது?

பதிவின் குழப்பங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எந்தப் பால்வினை நோயின் பரவலும் மூன்று கூறுகளின் பெருக்கல். ஒரு முறை உறவு கொள்ளும்போது நோய் கடத்தப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பது முதலாவது. ஆணுறை குறைப்பது இதைத்தான். புதிய துணைகள் எவ்வளவு அடிக்கடி அமைகிறார்கள் என்பது இரண்டாவது. தொற்றியவர் எத்தனை காலம் பிறருக்குக் கடத்தக்கூடியவராக இருக்கிறார் என்பது மூன்றாவது. மூன்றையும் பெருக்கினால், ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கடத்துகிறார் என்ற 'பரவல் எண்' கிடைக்கிறது. அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் வளரும்; கீழே இருந்தால் தேயும்.

பொதுப் பேச்சு முழுவதும் இரண்டாவது கூறைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அரசும் மருத்துவமும் விரைவாக மாற்றக்கூடியது மூன்றாவதுதான். ஒரு கற்பனைக் கணக்காக, பரவல் எண் 1.4 என்று வைத்துக்கொள்வோம். மக்களின் பழக்கத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், தொற்றியவர் சிகிச்சை பெறும் வரையிலான காலம் மட்டும் பாதியாகக் குறைந்தால், அது 0.7 ஆகி நோய் தேயத் தொடங்கும். மருத்துவமனை நேரம் குறைந்து, ஊழியர் குறைந்து, அந்தக் காலம் இரட்டிப்பானால், அதே மக்கள் அதே பழக்கங்களுடன் இருக்கும்போதே பரவல் எண் 2.8 ஆகும். எண்ணிக்கை ஏறியதும் ஒழுக்கத்தைக் குறைசொல்பவர்கள் கணக்கில் எடுக்காதது இதைத்தான்.

அமெரிக்காவில் நோயாளியின் துணைகளைத் தேடிச் சென்று சோதனைக்கு அழைத்து வருவதற்கென்றே களப்பணியாளர்கள் இருக்கிறார்கள். துணைக்கும் சிகிச்சை அளிக்காவிட்டால், குணமானவருக்கே மீண்டும் தொற்றும் என்பதால் இவர்கள் வேலை ஊசிக்கு நிகரான மதிப்புடையது. கோவிட் காலத்தில் இவர்களில் பலர் கோவிட் நோயாளிகளின் தொடர்புகளைத் தேடும் பணிக்கு மாற்றப்பட்டார்கள். இப்பணியாளர்களைப் பெருக்குவதற்காக ஒதுக்கப்பட்டிருந்த கூட்டரசு நிதியில் ஒரு பகுதி 2023-இல் அரசின் கடன் உச்சவரம்பு பற்றிய அரசியல் உடன்பாட்டின்போது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில், கருவுற்ற பெண்களின் சிபிலிஸுக்குப் பரிந்துரைக்கப்படும் ஒரே மருந்தான நீடித்த வகைப் பெனிசிலின் ஊசிக்கும் தட்டுப்பாடு வந்தது. 2010-களில் போதைப்பொருள் பயன்பாடு, குறிப்பாக மெத்தாம்பெட்டமின், சிபிலிஸ் பரவலுடன் சேர்ந்தே கூடியதும் உண்மை. அது இரண்டாவது கூறையும் மூன்றாவது கூறையும் ஒரே நேரத்தில் மோசமாக்குகிறது.

இந்தப் பெருக்கலில் உள்ள மூன்று எண்களும் சராசரிகள் என்பதால் அவற்றை நாடு முழுவதற்கும் ஒரே அளவாகப் பொருத்தக் கூடாது. பெரும்பாலோர் வட்டத்தில் பரவல் எண் ஒன்றுக்கு மிகக் கீழே இருக்கும்போதே, ஒன்றுக்கு மேல் இருக்கும் ஒரு சிறு வட்டம் நோயை உயிருடன் வைத்திருக்க முடியும். 28 மாவட்டங்களில் பாதி நோய் இருந்ததன் பொருள் அதுதான்.

இந்தியாவின் எச்.ஐ.வி. கணக்கு

புகார்ப் பதிவேட்டை நம்பாமல் எண்ணுவதற்கு இன்னொரு வழி உண்டு. குறிப்பிட்ட இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே வருபவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரே முறையில் சோதித்து, அதிலிருந்து நாட்டின் அளவை மதிப்பிடுவது அந்த வழி. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ) 1998 முதல் இப்படிச் செய்துவருகிறது. மகப்பேற்று மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்கள் பொது மக்களுக்கு ஓர் அடையாளமாகக் கொள்ளப்பட்டார்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: தேர்ந்தெடுத்த இடம் நாட்டைப் போல இருக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத் தனியார் மருத்துவமனைகள் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளை அனுப்பிவிடும் வழக்கம் இருந்ததால், அங்கே கிடைத்த விகிதம் ஊரின் விகிதத்தைவிட உயர்ந்திருந்தது. நோய் எங்கே தேடப்படுகிறதோ அங்கேதான் முதலில் தெரியும் என்பதற்கு சென்னையே பழைய சான்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி நிர்மலா செல்லப்பனும் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முறையாக உறுதியாயிற்று. அதற்கு முன் நாட்டில் அது இல்லை என்பதல்ல, தேடப்படவில்லை.

2005-06-இல் நடந்த மூன்றாவது தேசிய குடும்பநல ஆய்வு, வீடுவீடாகச் சென்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. எச்.ஐ.வி. விகிதம் 0.28 சதவீதம் என்றே கிடைத்தது. இதையும் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தியபோது, 50 லட்சத்துக்கு மேல் என்று சொல்லப்பட்டுவந்த இந்தியத் தொற்றாளர் எண்ணிக்கை 2007 ஜூலையில் சுமார் 25 லட்சமாகியது. ஓராண்டில் 25 லட்சம் பேர் குணமாகிவிடவில்லை, இறந்துவிடவும் இல்லை. அளவுகோல் மாறியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பலரைக் குழப்புகிறது. நாகோவின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டிலும் எண்ணிக்கை ஏறத்தாழ 25 லட்சம்தான். அப்படியானால் இத்தனை ஆண்டுத் திட்டங்களும் வீணா? இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலத்தில் புதிதாகத் தொற்றியவர்களின் அளவு 'புதுத்தொற்று விகிதம்'. ஒரு குறிப்பிட்ட நாளில் நோயுடன் இருப்பவர்கள் எல்லோரின் அளவு 'இருப்பு விகிதம்'. 2010-க்கும் 2023-க்கும் இடையில் இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாகத் தொற்றுவோர் எண்ணிக்கை 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆனால் 2004 முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொற்றாளர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களும் குறைந்து, இறப்பவர்களும் குறைந்தால், இருப்பவர்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. எச்.ஐ.வி.யில் நிலையாக நிற்கும் எண்ணிக்கை தோல்வியின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை; ஒரு ஊசியில் குணமாகும் சிபிலிஸில் அதே நிலைத்தன்மை வேறு கதை சொல்லும்.

இப்பகுதியின் சாரம்: பதிவேட்டு எண் தேடலைச் சார்ந்தது, மாதிரி மதிப்பீடு தேர்ந்தெடுத்த இடத்தைச் சார்ந்தது. குணமாகும் நோய்க்குப் புதுத்தொற்றும் இருப்பும் சேர்ந்தே நகரலாம். வாழ்நாள் முழுவதும் இருக்கும் நோய்க்கு அவை பிரிந்து நகரும்.

ஒரு செய்தியைப் படித்துப் பார்ப்போம்

2024-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தற்காலிக எண்கள் 2025 செப்டம்பரில் வெளியாயின. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் ஆகியவற்றின் மொத்தப் பதிவு 22 லட்சத்தைத் தாண்டியிருந்தாலும், முந்தைய ஆண்டைவிட 9 சதவீதம் குறைவு. பிறவி சிபிலிஸ் மட்டும் சற்றே கூடி, ஏறத்தாழ 4,000 ஆயிற்று.

மொத்த எண்ணில் பெரும்பங்கு கிளமிடியாவுடையது. எனவே அந்த 9 சதவீதத்தைப் பாராட்டுவதற்கு முன் அந்த ஆண்டில் இளம்பெண்களுக்கான சோதனை குறைந்ததா என்று கேட்க வேண்டும். சிபிலிஸின் முதல் இரு கட்டங்கள் 20 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருப்பது அதைவிட நம்பத்தக்க செய்தி. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளும் தடுப்புமுறையை, ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் அண்மையில் பால்வினை நோய் வந்தவர்கள் போன்றோருக்கு சி.டி.சி. 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் அதைத் தொடங்கிவிட்டன. சிபிலிஸின் இறக்கத்தில் இதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் அந்த மாத்திரை கருவுறும் வயதுப் பெண்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படவில்லை. ஆண்களிடையே நோய் இறங்கும் அதே ஆண்டில் பிறவி சிபிலிஸ் தொடர்ந்து பன்னிரண்டாவது ஆண்டாக ஏறியது. அதன் ஏற்றவேகம் சுமார் 2 சதவீதமாகக் குறைந்திருப்பது உண்மைதான் என்றாலும், கர்ப்ப காலத்தில் மூன்று முறை, அதாவது முதல் வருகையிலும் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்தின்போதும், சிபிலிஸ் சோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2024-இல் விடுத்த பரிந்துரை எத்தனை மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே இனி வரும் ஆண்டுகளின் அந்த எண் அமையும்.